பூனை மூத்திர நாற்றம் போக எந்த மருந்து?

எங்கள் மாலை வகுப்புக்கு ஒரு அக்கா வருகிறார். செம்பூரில் நான்கு வீடுகளில் வேலை செய்கிறார். அதில் ஒரு வீட்டில் இரண்டு பூனைகள். சோபாவுக்குப் பின்னால், கதவு மூலையில் என்று அவை மூத்திரம் பெய்துவிடும். துடைப்பது அக்காவின் வேலை.

ஒரு நாள் வாடிய முகத்தோடு வந்தார். பையிலிருந்து ஒரு காலி பாட்டிலை எடுத்து வைத்தார்.

"இந்த மருந்து ரெண்டு மாசம் வரணுமாம் தம்பி. ஒரே வாரத்துல தீந்துபோச்சு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போனியான்னு அந்தம்மா கேக்குறாங்க."

கையைக் காட்டினார். விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது.

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் ஆங்கிலம். ஒரு மூலையில் 1:20 என்று இருந்தது. அதைப் படிக்கச் சொன்னேன்.

"ஒண்ணு, ரெண்டு புள்ளி, இருபது. இது என்ன, மணியா?"

மணி அல்ல. ஒரு பங்கு மருந்துக்கு இருபது பங்கு தண்ணீர் என்று பொருள். அக்கா தண்ணீரே சேர்க்கவில்லை. முன்பு அந்த வீட்டில் வாங்கியது அப்படியே தெளிக்கும் மருந்து. புதிதாக வாங்கியது கெட்டி மருந்து. இரண்டு பாட்டிலும் பார்க்க ஒரே மாதிரி. அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இந்த மருந்துகள் இரண்டு வகையாக வருகின்றன. ஒன்று, தண்ணீர் கலந்தே விற்பது. மூடியைத் திறந்து தெளிக்க வேண்டியதுதான். மற்றது கெட்டியானது. நாம்தான் தண்ணீர் கலக்க வேண்டும். எதை வாங்குவது? அதற்கு முன், நாற்றம் எப்படி வருகிறது என்று பார்ப்போம்.

மூத்திரத்தில் யூரியா இருக்கிறது. நம் செம்பூரில் உள்ள ஆர்.சி.எஃப். உரத் தொழிற்சாலையில் செய்கிறார்களே, அதே யூரியாதான். அங்கே அம்மோனியா வாயுவிலிருந்து யூரியா செய்கிறார்கள். வீட்டுத் தரையில் இது தலைகீழாக நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகின்றன. மூக்கில் ஏறும் நெடி அதுதான்.

மூத்திரத்தில் யூரிக் அமிலம் என்ற பொருளும் உண்டு. இது காய்ந்து உப்புப் போல ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் எளிதில் கரையாது. அதனால்தான் கழுவிய இடத்தில் மழைக்காலத்தில் மறுபடி நாற்றம் கிளம்புகிறது. மும்பையில் மழை நான்கு மாதம். கேட்க வேண்டுமா?

நம்மில் பலர் பினாயில் ஊற்றுகிறோம். பினாயில் கிருமியைக் கொல்லும். அதன் வாசனை சிறிது நேரம் நாற்றத்தை மறைக்கும். ஆனால் யூரிக் அமிலம் அப்படியே இருக்கும். மேலும் பினாயில் பூனைக்கு ஆகாது. ஈரத்தில் நடந்துவிட்டுப் பூனை காலை நக்கும். பூனையின் ஈரலுக்கு அந்த நஞ்சை முறிக்கும் சக்தி மிகக் குறைவு.

பிளீச்சிங் பவுடர் போடலாமா? மூத்திரத்தின் மேல் அதைப் போட்டால் நச்சு வாயு கிளம்பும். அதோடு ஆசிட்டையும் சேர்த்தால் இன்னும் மோசம். கதவு மூடிய பாத்ரூமில் இது உயிருக்கே ஆபத்து.

யூரிக் அமிலத்தை உடைக்க என்சைம் உள்ள மருந்து நல்லது. கடையில் "என்சைம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். இது வேலை செய்வது தயிருக்கு உறை ஊற்றுவது போல. கொதிக்கும் பாலில் உறை ஊற்றினால் தயிர் ஆகுமா? ஆகாது. அதே போல இந்த மருந்தில் வெந்நீர் கலக்கக் கூடாது. பினாயிலோடும் சேர்க்கக் கூடாது. ஊற்றிய உடனே துடைத்துவிடவும் கூடாது. முதலில் பழைய துணியால் மூத்திரத்தை ஒற்றி எடுங்கள். பிறகு மருந்தைத் தெளித்து, பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் வரை ஈரமாக விட்டுவிடுங்கள். பாய், மெத்தை என்றால் உள்ளே இறங்கும்படி ஊற்ற வேண்டும்.

இனி விலைக்கு வருவோம். அரை லிட்டர் கெட்டி மருந்து 420 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இருபது பங்கு தண்ணீர் சேர்த்தால் பத்தரை லிட்டர் கிடைக்கும். லிட்டர் 40 ரூபாய். கலந்து விற்கும் மருந்து அரை லிட்டர் 210 ரூபாய் என்றால் லிட்டர் 420 ரூபாய். அதில் நாம் பெரும்பாலும் தண்ணீருக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

அப்படியானால் எல்லாரும் கெட்டி மருந்தே வாங்கலாமா? வேண்டாம் என்பேன். தினமும் துடைக்கிற பெரிய வீட்டுக்கு அது சரி. பத்துக்குப் பத்து அறையில் ஒரு பூனை, மாதம் இரண்டு தடவைதான் அசுத்தம் செய்கிறது என்றால் பத்து லிட்டர் எதற்கு? தேதி முடிந்து வீணாகும். கலந்து விற்கும் சின்ன பாட்டில் போதும்.

கெட்டி மருந்து வாங்கினால் அளந்து கலக்க வேண்டும். பாட்டில் மூடியே அளவு. மருந்துக்கும் தண்ணீருக்கும் அதே மூடியை வையுங்கள். கூடுதலாக ஊற்றினால் கூடுதலாக வேலை செய்யாது. தரை பிசுபிசுக்கும், கை புண்ணாகும். அன்றைக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை எடுத்துக் குடித்துவிடும்.

கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள். மருந்துக்காக மட்டும் அல்ல. 2005 ஜூலை 26 அன்று பெய்த மழை பலருக்கு நினைவிருக்கும். சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர். வெள்ளம் வடிந்த பின் எலிக் காய்ச்சல் பரவியது. எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காயத்தில் பட்டால் அந்தக் கிருமி உடம்பில் ஏறும். நாயின் மூத்திரத்திலும் அது இருக்கலாம்.

இன்னொன்று. ஒழுங்காக இருந்த பூனை திடீரென்று கண்ட இடத்தில் மூத்திரம் பெய்தால் அதற்கு நோய் இருக்கலாம். ஆண் பூனை முக்கியும் மூத்திரம் வராவிட்டால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். பரேலில் பாய் சக்கர்பாய் மிருக ஆஸ்பத்திரி இருக்கிறது.

மறுநாள் அக்கா காலி பாட்டிலை அந்த அம்மாவிடம் காட்டினார். 1:20 என்ற எண்ணைத் தொட்டுக் காட்டி விவரம் சொன்னார். தானும் அதைக் கவனிக்கவில்லை என்றார் அந்த அம்மா. அடுத்த பாட்டில் வந்தபோது அக்கா அதில் ஒரு தாளை ஒட்டினார். "1 மூடி மருந்து. 20 மூடி பச்சைத் தண்ணீர்" என்று தமிழில் எழுதியிருக்கிறார். அந்த அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அவருக்குத் தேவைப்பட்டால் அக்காதான் படித்துச் சொல்கிறார்.