வீட்டு முன்பணத்தில் வளரும் நிறுவனங்கள்

கட்டுமான நிறுவனங்களின் வளர்ச்சியைப் பற்றிய செய்திகளில் எத்தனை கோடிக்கு புக்கிங் ஆனது என்ற கணக்குதான் முன்னால் நிற்கிறது. ஆனால் வாங்குபவர் கட்டிய முன்பணம், சாவியைக் கொடுக்கும் வரை நிறுவனத்தின் தலையில் இருக்கும் பொறுப்பு. அந்தப் பணத்தை எடுத்து அடுத்த நிலத்தை வாங்கினால், புது வீடு விற்றால்தான் பழைய வீட்டைக் கட்டி முடிக்க முடியும் என்ற நிலை வந்துவிடும். விற்பனை ஏறுமுகமாக இருக்கும்வரை இது வெளியே தெரியாது. நொய்டாவின் ஆம்ரபாலி குழுமத்தில் முன்பணம் வேறு காரியங்களுக்குத் திருப்பிவிடப்பட்டதைத் தடயவியல் தணிக்கை வெளிக்கொணர்ந்தது. 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம், வீட்டுமனைத் துறையை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டத்தின் கீழ் குழுமத்துக்கு இருந்த பதிவை ரத்துசெய்து, மிச்ச வேலையை அரசு நிறுவனமான என்பிசிசியிடம் ஒப்படைத்தது. அப்போது வீட்டுக்காகக் காத்திருந்தவர்கள் சுமார் 42,000 பேர். வங்கித் தவணை ஒரு பக்கம், குடியிருக்கும் வீட்டின் வாடகை மறுபக்கம் என்று அவர்களில் பலர் பட்ட பாடு எந்த நிதியறிக்கையிலும் ஏறாது.

ஆகவே, ஒரு திட்டத்தின் பணம் அந்தத் திட்டத்துக்குள்ளேயே நிற்கிறதா என்பதே நிலைத்த வளர்ச்சிக்கு முதல் சோதனை. 2016-இன் ரெரா சட்டம் இதைத்தான் சொல்கிறது: வாங்குபவர்களிடம் வசூலிப்பதில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும், பொறியாளர், கட்டிடக் கலைஞர், ஆடிட்டர் மூவரும் சான்று தந்த பிறகு, வேலை முடிந்த விகிதத்துக்கே எடுக்கலாம். இப்படிக் கையைக் கட்டிப்போட்டால் நிலம் வாங்க முதல் ஏது, வீட்டு விலை ஏறாதா என்று கட்டுநர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நிலத்துக்குச் சொந்த முதலோ நீண்டகாலக் கடனோ போடலாம். நில உரிமையாளருக்கு அடுக்ககத்தில் பங்கு தரும் கூட்டு ஒப்பந்தம் சென்னையில் நன்கு பழகிய வழி. மாறாக, 2018-இல் ஐஎல்&எஃப்எஸ் நிதி நிறுவனம் கடனைத் திருப்பிச் செலுத்தத் தவறியபின் கடன் வரத்து சுருங்கியபோது, குறுகியகாலக் கடனை நம்பியவர்களே முதலில் திணறினார்கள். முடங்கிய திட்டங்களை மீட்க 2019 நவம்பரில் மத்திய அரசு 25,000 கோடி ரூபாய் நிதியை அறிவிக்க வேண்டியிருந்தது. வேகத்தின் விலையைப் பொதுப்பணமும் சேர்ந்தே கொடுத்தது.

சட்டத்திலும் ஓட்டை உண்டு. அந்த 70 சதவீதம் கட்டுமானச் செலவோடு நிலச் செலவுக்கும் உரியது. நிலத்துக்குச் செலவானதும் வேலை முடிந்த விகிதத்தில் சேர்ந்தால், நிலம் விலை கூடிய நகரங்களில் அஸ்திவாரம் எழும் முன்பே பெருந்தொகையை நிலக் கணக்கில் எடுத்துவிட வழி இருக்கிறது. கட்டி முடிக்கத் தேவையான தொகை கணக்கில் எஞ்சினால்தான் நிலச் செலவை எடுக்கலாம் என்று விதியை இறுக்க வேண்டும்.