பழைய கம்ப்யூட்டரை விற்கிறீர்களா? ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள்!

புதிய கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கலாமா, மதுரை டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஏதாவது ஒரு கடையில் விற்கலாமா என்று யோசிக்கிறீர்களா? தாராளமாகக் கொடுங்கள். ஆனால் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஆதார் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், குடும்பப் போட்டோக்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

“அதான் பார்மட் செய்துவிட்டேனே” என்று பலர் என்னிடம் சொல்வதுண்டு. க்விக் பார்மட், பைல்களின் பட்டியலைத்தான் நீக்குகிறது. பைல்கள் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே கிடக்கும். ரெக்கவரி சாப்ட்வேர் கொண்டு மீட்டுவிடலாம். அமெரிக்காவில் சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் என்ற இரு ஆய்வாளர்கள் 158 பழைய டிஸ்க்குகளை விலைக்கு வாங்கிச் சோதித்து, 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்த 129 டிஸ்க்குகளில் முறையாக அழிக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே! 5,000-க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் சிக்கின.

கழற்றுவது கடினமல்ல. ஒரு ஸ்டார் ஸ்குரூ டிரைவர் போதும்.

1. விண்டோஸை ஷட் டவுன் செய்து, பவர் கார்டைப் பிடுங்குங்கள். பிறகு பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்தினால் மிச்ச மின்சாரம் வடிந்துவிடும்.

2. கேபினட்டைப் படுக்க வைத்து, பின்புற ஸ்குரூக்களை நீக்கிப் பக்கவாட்டு மூடியைப் பின்னோக்கி இழுங்கள். நம் கரிசல் பக்கத்து வீடுகளில் நான் திறந்த கேபினட்டுகளில் தூசி மெத்தை போல் படிந்திருக்கும். மென்மையான பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள்.

3. கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொடுங்கள். உடலிலுள்ள ஸ்டாட்டிக் மின்சாரம் சர்க்யூட்டைத் தாக்காமல் இருக்கவே இது.

4. டிஸ்க்கில் இரண்டு கேபிள்கள் இருக்கும். சாட்டா வகையில் டேட்டாவுக்கு 7 பின், பவருக்கு 15 பின். மிகப் பழைய ஐடிஇ வகையில் 40 பின் கொண்ட பட்டையான கேபிள். வயரை இழுக்காமல், கனெக்டரின் தலையைப் பிடித்து நேராக உருவுங்கள்.

5. இரு பக்க ஸ்குரூக்களையும் கழற்றி, டிஸ்க்கை மெதுவாக வெளியே எடுங்கள். கீழே போட்டுவிடாதீர்கள்!

இன்னொரு டிஸ்க்கோ, மதர்போர்டில் ஒட்டினாற்போல் எம்.2 எஸ்எஸ்டியோ இருக்கிறதா என்றும் பாருங்கள். அதை ஒரே ஒரு சின்ன ஸ்குரூதான் பிடித்திருக்கும்.

கழற்றும் முன் ஒரு முக்கிய வேலை. விண்டோஸில் பிட்லாக்கர் இயங்கினால், 48 இலக்க ரெக்கவரி கீயை எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் வேறு கம்ப்யூட்டரில் உங்கள் டிஸ்க் உங்களுக்கே திறக்காது.

கழற்றிய சாட்டா டிஸ்க்கை யுஎஸ்பி கேஸில் போட்டு பேக்கப்பிற்குப் பயன்படுத்தலாம். 3.5 அங்குல டிஸ்க்கிற்கு 12 வோல்ட்டும் தேவை. எனவே தனி அடாப்டர் உள்ள கேஸாகக் கேட்டு வாங்குங்கள்.

டிஸ்க் இல்லாததால் கடைக்காரர் விலையைக் கொஞ்சம் குறைக்கலாம். குறைத்தால் குறைக்கட்டும், உங்கள் ரகசியங்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றனவே!