லீபனோனின் திராட்சரசம்: ஓசியா 14:7-க்கு ஒரு விளக்கம்

மனந்திரும்பும் இஸ்ரவேலுக்கு வாக்களிக்கப்படும் நலன்களை அடுக்கிவரும் ஓசியா தீர்க்கதரிசி, இறுதியில் லீபனோனின் திராட்சரசத்தை உவமையாக நிறுத்துகின்றார். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ‘வாசனை’ என்று காணும் இடத்தில் எபிரேய மூலத்தில் நிற்கும் சொல் ‘ஸேகெர்’ என்பதாகும். நினைவு, நினைக்கப்படும் பெயர் என்பவையே அதன் நேர்ப்பொருள். வாசனை என்று மட்டும் கொண்டால் உவமையில் பாதி போய்விடுகிறது. அந்நாட்டின் திராட்சரசம் எவ்வாறு உண்டாகிறது என்பதை அறிந்தால் மறுபாதி விளங்கும். இதற்கு ஒரு குடும்பத்தின் ஆலையை எடுத்துக்கொள்வோம்.

லீபனோன் மலைக்கும் எதிர்லீபனோனுக்கும் இடையே வடக்குத் தெற்காகக் கிடப்பது பெக்கா பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கு என்ற சொல் நம்மை ஏமாற்றக்கூடாது. அதன் தரையே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேற்கு மலை கடற்காற்றின் ஈரத்தைத் தடுத்துக்கொள்ளுகிறது. மழை பெரும்பாலும் குளிர்காலத்திலேயே பெய்யும். கோடை முழுவதும் வானம் வறண்டிருக்கும். ஆதலால் இலையையும் குலையையும் பூஞ்சணம் பற்றுவது குறைவு. பகலில் வெயில் பழத்தை இனிப்பாக்குகிறது. இரவின் குளிர்ச்சி அதன் புளிப்பைக் காத்துக்கொள்ளுகிறது. இவ்விரண்டும் ஒத்திருந்தாலன்றி ரசம் நெடுநாள் நில்லாது. அடியில் சுண்ணாம்புக்கல், மேலே பரற்கல் கலந்த மண். கற்களைப் பொறுக்கி நடுவதைப்பற்றி ஏசாயா 5-ஆம் அதிகாரம் கூறுவது அலங்காரப் பேச்சன்று என்பதை அந்நிலத்தைக் கண்டவர் அறிவர். கம்பம் பள்ளத்தாக்கில் பந்தலில் படர்ந்து ஆண்டில் ஒருமுறைக்கு மேலும் காய்க்கும் கொடியையே கண்டு பழகிய நாம், குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி ஆண்டுக்கு ஒரே அறுப்புத் தரும் இக்கொடியை மனத்தில் கொண்டுதான் திருமறையின் திராட்சத்தோட்டப் பகுதிகளை வாசிக்கவேண்டும்.

இப்பள்ளத்தாக்கின் தென்பகுதியில் விளையும் பழத்தைக் கொண்டு, 1930-இல் காஸ்டன் ஹோஷார் என்பவர் ‘ஷாட்டோ மூசார்’ என்னும் ஆலையைத் தொடங்கினார். பிரான்சு நாட்டின் போர்டோவில் இக்கலையைக் கற்ற அவர் மகன் செர்ஜ் ஹோஷார் 1959-இல் பொறுப்பேற்று, 2014-இல் மரிக்கும்வரை அதனோடு வாழ்ந்தார். அவருக்குப் பின்னும் ஆலை அக்குடும்பத்தின் கையிலேயே உள்ளது. ஆலையோ தோட்டங்களின் அருகில் இல்லை. மலைக்கு அப்பால், கடலை நோக்கிய கஸீர் என்னும் ஊரில் இருக்கிறது. அறுத்த பழம் ஒவ்வோர் ஆண்டும் மலையைக் கடந்தாகவேண்டும்.

1975 முதல் 1990 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இம்மலைப்பாதை இடர்மிக்கதாயிற்று. 1976-இல் ரசம் எதுவும் வடிக்க இயலவில்லை. 1984-இல் பழம் ஏற்றிய வண்டிகள் வழியில் நாட்கணக்கில் தடைப்பட்டதால், ஆலை சேருமுன்னே பழம் நொதிக்கத் தொடங்கிவிட்டது. ஏனைய போர் ஆண்டுகளிலெல்லாம் அறுப்பு நடந்தது. திராட்சத்தோட்டம் நட்டு அதன் பலனை அநுபவியாதவன் போருக்குச் செல்லாமல் வீடு திரும்பலாம் என்று உபாகமம் 20:6 இடங்கொடுக்கிறது. இங்கோ போர்தான் தோட்டக்காரனுடைய வீட்டிற்கு வந்தது.

இவ்வாலையின் சிவப்பு ரசம் அறுப்பிற்குப்பின் ஏறத்தாழ ஏழாண்டுகள் கழித்தே விற்பனைக்கு வருகிறது. மரப்பீப்பாயில் ஓராண்டு, பின்னர் கலவை, அதன்பின் புட்டியில் நெடுங்காலம். ஆகவே குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோது அறுத்தவர், அடுத்த ஏழாண்டில் நாடு எவ்வாறிருக்கும் என்பதை அறியாமலே அறுத்தார். புட்டியின்மேல் குறிக்கப்படும் ஆண்டு, அவ்வாண்டின் வெயிலையும் மழையையும், சில வேளைகளில் போரையும் நினைவுறுத்துகிறது. ‘ஸேகெர்’ என்னும் சொல்லின் பொருளுக்கு இதைவிட அருகான உரையை நான் கண்டதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சிவப்பு ரசத்திற்கான காபர்னே சோவின்யோன், சென்சோ, காரினியான் ஆகியவை பிரெஞ்சுத் தொடர்பினால் பிற்காலத்தில் அங்கு வந்த வகைகள். ஓசியா அறிந்த ரசம் இதுவே என்று பிரசங்க பீடத்தில் கூறிவிடலாகாது. வெள்ளை ரசத்திற்கு இக்குடும்பத்தார் பயன்படுத்தும் ஒபைதே, மெர்வா என்னும் இரண்டுமே அம்மண்ணுக்குரியவை. அவற்றுள்ளும் எது தீர்க்கதரிசியின் காலத்தது என்று எவரும் நிறுவவில்லை. மேலும், ஓசியா சொல்லும் லீபனோன் மலையேயன்றி இன்றைய குடியரசு அன்று.

நம் திருச்சபைகள் பலவற்றில் நற்கருணைக்குப் புளியாத ரசமே வழங்கப்படுகிறது. மதுவினால் குடும்பங்கள் சிதைவதைக் கண்ட ஆயர்கள் இவ்வழக்கத்தைக் காத்துவருவது சரியே என்பது என் கருத்து. ஆயினும், ஓசியா 14-ஐ விளக்கும்போது நாணத்தினால் ரசத்தைப் பழச்சாறாக மாற்றிச் சொல்லுதல் தகாது. பழச்சாறு சில நாட்களில் கெட்டுப்போகும். அதற்குப் பழைய ஆண்டு என்று ஒன்று இல்லை.