துச்சிலில் வாழும் முதியோரும் சட்டத்தின் காவலும்

நிலையாகப் புகுந்து வாழும் மனையைப் புக்கில் என்றும், பிறர் மனையில் ஒதுங்கியிருக்கும் இடத்தைத் துச்சில் என்றும் வழங்கினர் நம் முன்னோர். சீதனமாக வீடும் வளவும் கொடுத்துப் பெண்ணை வாழவைக்கும் மரபினையுடைய யாழ்ப்பாணத்திலே, துச்சிலில் இருப்பதைச் சொல்லக் கூசுவோர் பலர். எனினும் 1990 ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கினின்றும், 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதினின்றும் மக்கள் பெயர்ந்த காலந்தொட்டு, சொந்த மனையை இழந்து வாடகை மனையிலே முதுமையெய்தியோர் நம்மிடையே உளர். வீட்டுக்காரர் கடல் கடந்த நாடொன்றில் இருப்பார். அவர்தம் அற்றோணித் தத்துவக்காரர் வாடகையைப் பெறுவார். ஒருநாள் வீடு விலையாகும். "ஒரு மாதத்தில் வெளியேறுக" என்னும் கடிதம் வரும். அதனைக் கண்ட முதியவர் செய்யத்தக்கது யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதற்கண் அறியவேண்டுவது ஒன்றுண்டு. அறிவித்தல் என்பது வேறு. வெளியேற்றம் என்பது வேறு. வீட்டுக்காரர் அனுப்பும் கடிதம் வாடகை ஒப்பந்தத்தை முடிப்பதற்கான முதற்படியேயாம். குடியிருப்பாளர் தாமாக வெளியேறாவிடின், வழக்கிட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பாணையைப் பெற்ற பின்னரே அவரை வெளியேற்றலாம். இவ்வேறுபாட்டை அறியாமையால், கடிதம் கண்ட மறுநாளே பெட்டி கட்டிய முதியோர் உளர்.

வாடகைக் கட்டுப்பாடு போர்க்காலத்திற் பிறந்தது. முதலாம் உலகப் போரின்போது கிளாஸ்கோ நகரப் பெண்கள் வாடகை உயர்வை எதிர்த்துக் கிளர்ந்தெழ, 1915 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அதற்கு வரம்பு கட்டியது. இலங்கையில் 1942 ஆம் ஆண்டின் 60 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், 1948 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டமும் அவ்வழியே தோன்றின. அவற்றின் பின் வந்தது 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம். வாடகை நிலுவை, வீட்டுக்காரரின் நியாயமான சொந்தத் தேவை, அனுமதியின்றிக் கீழ்வாடகைக்கு விடுதல், வீட்டைச் சிதையவிடுதல் முதலிய குறித்த காரணங்களுக்காகவன்றி வழக்கிடலாகாது என அது பொதுவாக விதித்தது. நிலுவைக்காக அறிவித்தல் விடப்படின், அதில் குறித்த காலம் முடியுமுன் நிலுவை முழுவதையும் செலுத்தியவர்மேல் அக்காரணங்கொண்டு வழக்கிடுதலையும் தடுத்தது. வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால், அதனை உள்ளூராட்சி மன்றத்தின் அதிகாரம் பெற்ற அலுவலரிடம் செலுத்திப் பற்றுச்சீட்டுப் பெறவும் வழி செய்தது. குடியிருப்பாளர் இறப்பின், உடன் வாழ்ந்த துணைவர், பிள்ளை முதலியோர் அவ்வுரிமையைத் தொடரவும் இடமளித்தது.

ஆயினும் எல்லா வீடுகளும் இக்காவலுக்கு உட்பட்டனவல்ல. பின்வந்த திருத்தங்கள் பல வீடுகளை அச்சட்டத்தின் எல்லையினின்றும் நீக்கின. அத்தகைய வீட்டின் மாத வாடகையை ஒரு மாத அறிவித்தலால் முடிக்கலாம் என்பது பொதுச் சட்டம். 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டமோ, குத்தகைக்கு விட்ட இடத்தை உரிமையாளர் விரைந்து மீளப்பெறத் தனி நடைமுறை ஒன்றை வகுத்தது. சட்டம் காலந்தோறும் திருத்தப்படுவதாகலின், தம் வீடு எவ்விதிக்கு உட்பட்டது என்பதைக் கடிதம் கிடைத்தவுடனே சட்டத்தரணியிடம் கேட்டறிதல் வேண்டும்.

முதுமை என்பது மட்டுமே வீட்டில் இருக்கும் உரிமையைத் தந்துவிடாது. எனினும் வீட்டுக்காரர் தம் தேவையைக் காட்டி வாடகைச் சட்டத்தின்கீழ் வழக்கிடும்போது, இரு திறத்தாரின் இன்னலையும் நீதிமன்றம் சீர்தூக்கும். வயது, நோய், வேறிடம் தேடியும் கிடையாமை என்பன ஆண்டு எடையுடையனவாம். அவற்றை எடுத்துரைக்க நீதிமன்றம் செல்லல் வேண்டும். அழைப்பாணை கிடைத்தும் செல்லாதிருப்பின் ஒருதலை விசாரணையிலே தீர்ப்பாணை பிறக்கும். அதன் பிரதி கையளிக்கப்பட்ட நாளிலிருந்து 14 நாள்களுள், வாராமைக்குத் தக்க காரணங்காட்டி அதனை நீக்குமாறு வேண்டலாம்.

தீர்ப்பாணை இன்றியே பூட்டை உடைத்தலும், பொருள்களை முற்றத்தில் எறிதலும், நீரையும் மின்சாரத்தையும் துண்டித்தலும் சட்டத்தைத் தம் கையில் எடுப்பதாகும். வலிந்து வெளியேற்றப்பட்டவர் தாமதியாது பொலிசில் முறையிடுதல் வேண்டும். 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின்படி இணக்கக்கேடு நீதிமன்றத்துக்கு வரும்போது, அதற்கு முந்திய இரண்டு மாதங்களுள் வலிந்து வெளியேற்றப்பட்டவரை மீளக் குடியமர்த்த அந்நீதிமன்றம் கட்டளையிடலாம். காலந்தாழ்த்தின் அவ்வழி அடைபடும்.

நம் நாட்டு வழக்கிலுள்ள ஒற்றியையும் வாடகையையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. கடன்பணத்தின் வட்டிக்கு ஈடாக மனையை அனுபவிப்பது ஒற்றி. அதனைத் தேசவழமையும் நொத்தாரிசு உறுதியும் ஆளும். ஆதலின் தம் கையிலுள்ளது எவ்வகைச் சாதனம் என்பதைத் தெளிதல் இன்றியமையாதது. வாய்ச்சொல்லே சாதனமாயின், மாதந்தோறும் பெற்ற பற்றுச்சீட்டுகளும் வங்கிப் பதிவுகளுமே சான்றாகும். "தெரிந்தவரிடம் பற்றுச்சீட்டுக் கேட்பதா" என்னும் கூச்சமே பின்னாளில் முதியவரை வெறுங்கையராக்குகிறது.

பொருளில்லையே என அஞ்சவேண்டுவதில்லை. 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு, வருமானம் குறைந்தோர்க்கு ஆலோசனை வழங்கி வழக்கும் நடத்துவது. அதற்கு யாழ்ப்பாணத்திலும் நிலையம் உண்டு. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், தம்மைத் தாமே பேணவியலாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரவும் ஒரு சபையை ஏற்படுத்தியது. வாடகை கொடுக்க இயலாமையே இடராயின் அவ்வழியையும் நாடலாம்.

வீட்டுக்காரரும் பலகால் நம் உறவினரே. அவர்க்கும் தேவை உண்டு. சட்டம் வேண்டுவது வீட்டை அவர்க்கு மறுப்பதன்று. முறைப்படி கேட்பதும், கேட்கப்பட்டவர் மறுமொழி கூறக் காலம் பெறுவதுமேயாம். மாணவர்களே, உங்கள் ஒழுங்கையில் வாடகை மனையில் தனித்து வாழும் முதியவர்க்குக் கடிதம் வந்தால், அதனை அவர்க்குப் படித்துக் காட்டுங்கள். திகதியைக் குறித்துக் கொடுங்கள். பற்றுச்சீட்டுகளை அடுக்கிச் சட்ட உதவி நிலையத்துக்கு உடன் செல்லுங்கள். கற்ற எழுத்தின் பயன் பிறிதொருவர் தலைக்குமேல் ஒரு கூரை நிலைப்பதாயின், அதனினும் சிறந்த கல்வி யாது?