கறுப்பு மோட்டார் வண்டியின் மெருகு

புதிதாக வாங்கிய கறுப்பு மோட்டார் வண்டி கண்ணாடிபோல் பளபளப்பதும், ஓராண்டு கழிவதற்குள் அதே வண்டி நடுப்பகல் வெயிலில் சிலந்திவலை படர்ந்தாற்போல் தோன்றுவதும் பலர் கண்ட காட்சியாகும். அருகில் நிற்கும் வெள்ளை வண்டியும் அதே காலம் ஓடியிருக்கும். அதே துணியால் துடைக்கப்பட்டிருக்கும். ஆயினும் அதன்மீது கீறல்கள் பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. வண்டியின் அழகைக் காக்கும் பொருட்டு இன்று பலரும் நாடுவது செராமிக் பூச்சு. அதனைப் பூசுமுன் வண்ணத்தை மெருகிட வேண்டும் என்று பட்டறையில் கூறுவர். கூறுவது சரியே. ஆனால் மெருகிடுதல் வண்டிக்கு எதையோ சேர்ப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது வண்டியிலிருந்து எடுப்பது. எடுத்ததைத் திருப்பி வைக்க வழியில்லை.

கறுப்பின்மேல் கீறல் இவ்வளவு துலக்கமாகத் தெரிவதற்குக் காரணம் ஒளியியலில் உள்ளது. இக்கால வண்டிகளில் நிறப்பூச்சின்மேல் நிறமற்ற தெளிபூச்சு ஒன்று இருக்கும். அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5. நேராக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதமே அதன் மேற்பரப்பிலிருந்து திரும்புகிறது. எஞ்சியது உள்ளே செல்கிறது. வெள்ளை வண்டியில் அவ்வாறு உட்சென்ற ஒளியின் பெரும்பகுதி வெண்ணிறத் துகள்களால் எல்லாத் திசைகளிலும் சிதறி வெளியே வந்துவிடும். கீறல் சிதறும் சிற்றொளி அதில், பகலில் விண்மீன் மறைவதுபோல, மறைந்துபோகிறது. கறுப்பு வண்டியிலோ உட்சென்ற ஒளியை நிறம் விழுங்கிவிடுகிறது. இருண்ட பின்னணியில் ஒவ்வொரு கீறலும் இரவு வானத்து மீனாகிறது. கறுப்பு வண்ணம் மென்மையானது, அதனால் எளிதில் கீறுகிறது என்று சொல்வதுண்டு; கீறலைத் தாங்குவது மேலுள்ள தெளிபூச்சின் ரெஸினைப் பொறுத்தது, கீழுள்ள நிறத்தைப் பொறுத்ததன்று.

இக்கீறல்கள் சுழல் சுழலாகத் தோன்றுவதால், வட்டமாகத் துடைத்ததே காரணம் என்று துடைத்தவரைக் குறைகூறுவதும் வழக்கம். இது பெரும்பாலும் பொய்த்தோற்றமே. ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். பலகாலம் நாரிட்டுத் தேய்க்கப்பட்ட எவர்சில்வர் தட்டு ஒன்றை ஒற்றை விளக்கின்கீழ் பிடித்தால், விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வட்டக் கோடுகள் காணப்படும். தலையை நகர்த்தினால் வட்டங்களும் பிம்பத்துடன் கூடவே நகரும். தட்டில் கீறல்கள் எல்லாத் திசைகளிலும் உள்ளன. பிம்பத்திற்குத் தொடுகோடாக அமைந்தவை மட்டுமே ஒளியைக் கண்ணுக்குத் திருப்புகின்றன, மற்றவை தெரிவதில்லை. மழை நின்றபின் தெருவிளக்கின் முன் நிற்கும் மரத்தின் ஈரச் சுள்ளிகள் விளக்கைச் சுற்றி வளையமிட்டாற்போல் தோன்றுவதும் இவ்வகையினதே.

கீறல் வந்த வழி எளியது. தில்லி போன்ற நகரங்களில் வீட்டு வாசலில் நிறுத்திய வண்டியை விடியற்காலையில் ஒரு வாளி நீரும் ஒரு துணியும் கொண்டு துடைத்துவிட்டுப் போவர். அந்த வாளி பல வண்டிகளைக் கண்டது. கோடையில் ராஜஸ்தான் பக்கமிருந்து வீசும் காற்று கொண்டுவரும் புழுதியில் படிகக்கல் துகள்கள் கலந்திருக்கும். மோஸ் அளவையில் படிகக்கல்லின் கடினம் 7; சாதாரணக் கண்ணாடியையே அது கீறும். துணிக்கும் வண்ணத்துக்கும் இடையே அத்துகள் உருளும்போது ரெஸின் படலம் என்ன செய்யும்?

அப்படலத்தின் பருமனை அறிந்தால் மெருகிடுவதில் உள்ள ஆபத்து விளங்கும். தொழிற்சாலையில் எஃகுத் தகட்டின்மேல் முதலில் மின்முறையில் படியவைத்த துருக்காப்புப் பூச்சு, அதன்மேல் பிரைமர், பின்னர் நிறப்பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலாகத் தெளிபூச்சு என்ற வரிசையில் பூசுகின்றனர். அனைத்தும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 130 மைக்ரான். அதாவது ஏறத்தாழ எழுதும் தாள் ஒன்றின் கனம். தெளிபூச்சின் பங்கு 40 அல்லது 50 மைக்ரானே. சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் பொருள்கள் அதில் கலக்கப்பட்டுள்ளன. படலம் மெலியமெலிய அதன் வழியே புகும் கதிரும் மிகுகிறது. அளவுமீறித் தேய்த்த வண்டியில் சில ஆண்டுகளில் கூரையிலும் முன்மூடியிலும் தெளிபூச்சு தோலுரிவதற்கு இது ஒரு காரணம். உரியத் தொடங்கியபின் மறுவண்ணம் அடிப்பதன்றி வேறு வைத்தியம் இல்லை.

மெருகு என்பது என்ன என்ற கேள்வி விஞ்ஞானத்தில் பழமையானது. 1704-ல் வெளிவந்த தமது ‘ஒளியியல்’ நூலில் நியூட்டன், கண்ணாடியைத் தேய்த்து மெருகிடுவது அதன் சொரசொரப்பைக் கண்ணுக்குப் புலனாகாத அளவுக்கு நுண்மையாக்குவதேயன்றி வேறில்லை என்று கருதினார். 1901-ல் ராலே பிரபு இதனை மீண்டும் ஆராய்ந்தார். கரடாகத் தேய்த்த கண்ணாடியை மெருகிடும்போது மேடுகளின் உச்சிகள் முதலில் பளபளப்படைவதையும், அப்பரப்பு மெல்லமெல்ல விரிவதையும், சுற்றுப்புறம் முழுவதும் பள்ளத்தின் அடிமட்டம்வரை தாழ்ந்தால்தான் பள்ளம் மறைவதையும் அவர் எடுத்துக்காட்டினார். வண்டியின் வண்ணத்துக்கும் இதுவே நியதி. 2 மைக்ரான் ஆழமுள்ள கீறலை முற்றிலும் போக்க வேண்டுமாயின், அதைச் சுற்றியுள்ள நல்ல பரப்பையும் 2 மைக்ரான் குறைத்தாக வேண்டும். ஆனால் கீறல் அடியோடு அழிய வேண்டும் என்பதில்லை. அதன் ஆழம் குறைந்து ஓரம் மழுங்கினாலே ஒளி அவ்வளவாக விலகாது, கண்ணும் அமைதிகொள்ளும். நகத்தில் தட்டுப்படும் கீறலைத் தொடர்ந்து துரத்துவது அறியாமை.

எனவே முதலில் செய்யத்தக்கது அளத்தல். காந்தத் தூண்டல் முறையில் வேலை செய்யும் கைக்கருவியை எஃகின்மேல் வைத்தால் பூச்சுகளின் மொத்தப் பருமனைக் காட்டும். அலுமினியத்துக்குச் சுழல்மின்னோட்ட முறை. பிளாஸ்டிக் பம்பர்மீது இவை பயன்படா. தெளிபூச்சின் பருமனைத் தனியே காட்டாதது இக்கருவியின் குறையாயினும், ஒரு கதவு மட்டும் 250 மைக்ரான் காட்டினால் அது மறுவண்ணம் பெற்றது என்றும், 80 மட்டும் காட்டினால் முன்னரே தேய்க்கப்பட்டிருக்கக்கூடும் என்றும் ஊகிக்கலாம். தேய்த்த துணியில் கறுப்பு நிறமே படிந்தால், அங்கே தெளிபூச்சு இல்லை. வண்ணமே வெளியில் நிற்கிறது. அப்போது வேலையை நிறுத்திக் காரணம் அறிய வேண்டும்.

அடுத்து வண்டியை நன்கு கழுவ வேண்டும். புழுதியுடன் மெருகிடுவது புதுக் கீறலை உண்டாக்குவதாகும். பிரேக்கிலிருந்து தெறித்துப் பதிந்த இரும்புத் துகள்களைத் தயோகிளைகோலேட் கலந்த திரவம் கரைக்கும்; இரும்பு உள்ள இடங்களில் ஊதா நிறம் வழிவது ரசாயன ஆசிரியர்களுக்கு நல்ல பாடம். எஞ்சிய ஒட்டுப் பொருள்களை வழுக்கு நீர் தெளித்துக் களிக்கட்டியால் உருட்டி எடுப்பர்.

பின்னர் ஓர் அடிச் சதுரத்தில் மட்டும் சோதனை செய்து பார்ப்பதே அனுபவசாலிகளின் வழக்கம். மிக மென்மையான பஞ்சும் நுண்ணிய பாலிஷும் போதுமாயின் அத்துடன் நிற்க வேண்டும். போதாவிடில்தான் கரடான காம்பவுண்டை நாட வேண்டும். நுண்பாலிஷ் ஒருமுறைக்கு ஒரு மைக்ரான் அளவில் எடுக்கும். காம்பவுண்ட் சில மைக்ரான்களை எடுத்துவிடும். இவற்றில் பெரும்பாலும் அலுமினா தூளே உள்ளது. அதன் கடினம் 9. வெறுமனே சுழலும் இயந்திரம் ஓரிடத்தில் வெப்பத்தைக் குவிக்கும். கறுப்புப் பரப்பில் அலை அலையான தடங்களையும் விட்டுச்செல்லும். சுழன்றுகொண்டே மையமும் இடம்பெயரும் இரட்டை இயக்க இயந்திரமே புதியவர் கைக்கு ஏற்றது. கதவின் விளிம்பிலும் தகட்டின் மடிப்பு முகடுகளிலும் பூச்சு மெல்லியது. அங்கு இயந்திரத்தை அழுத்தினால் நொடிகளில் நிறப்பூச்சு வெளிப்படும். நாடா ஒட்டி மறைத்துவிடுவதே பாதுகாப்பு. வெயிலில் நிற்கும் கறுப்புத் தகடு கைவைக்க முடியாதபடி சுடுமாதலால், நிழலில் ஆறவிட்ட பிறகே இவையெல்லாம் செய்யத் தக்கவை.

வேலை முடிந்ததும் பரப்பு பளபளக்கும். அதை அப்படியே நம்பிவிடுவதற்கில்லை. பல பாலிஷ்களில் உள்ள எண்ணெயும் மெழுகும் கீறலில் நிரம்பி, அது மறைந்ததாகக் காட்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் நீரும் கலந்து துடைத்தால் நிரப்பியது வெளியேறி உண்மை நிலை தெரியும். எண்ணெய்ப் படலம் எஞ்சியிருந்தால் செராமிக் பூச்சும் சரிவரப் பற்றாது. பட்டறையில் இப்படி ஆல்கஹாலால் துடைத்து, ஒற்றை விளக்கின்கீழ் காட்டச் சொல்லிக் கேட்பதற்கு உரிமையாளர் தயங்க வேண்டியதில்லை.

செராமிக் என்ற பெயர் சூளையில் சுட்ட பீங்கானை நினைவூட்டினாலும், இது சிலிக்கான் சேர்மங்கள் அடங்கிய திரவம். பூசியபின் காற்றின் ஈரத்துடன் வினைபுரிந்து, சிலிக்கானும் ஆக்ஸிஜனும் மாறிமாறி இணைந்த வலையாக இறுகுகிறது. அதன் பருமன் பொதுவாக ஓரிரு மைக்ரானே. நீர் முத்தாக உருளும். அழுக்கு எளிதில் கழலும். பறவை எச்சம் உடனே ஊறாது. விளம்பரத்தில் காணும் ‘9எச்’ என்பது பென்சில்கொண்டு கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. அதனை மோஸ் அளவை 9 என்று கொள்வது பெரும் பிழை. மணல் துகளும் சாலைக் கல்லும் இதனைக் கீறும்.

தெளிந்த இப்படலம் கீழுள்ள கீறலை மறைப்பதில்லை. மெருகிடாமல் பூசினால் அதே சிலந்திவலை பூச்சுக்கடியில் அடைபட்டிருக்கும். பின்னர் திருத்த வேண்டுமாயின் பூச்சையும் தேய்த்தெடுத்து, அதன்மேல் தெளிபூச்சிலும் கைவைக்க வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்றின் கடின நீர் முத்துகளாக நின்று வெயிலில் காய்ந்தால் சுண்ணாம்பு வளையங்கள் படியும். கழுவியவுடன் மெத்தென்ற துண்டால் ஒற்றி எடுப்பது இன்றியமையாதது. மெருகிடுமுன்னும் பின்னும் எடுத்த மைக்ரான் அளவுகளை ஒவ்வொரு தகட்டுக்கும் தனித்தனியே வண்டியின் பதிவேட்டில் குறித்து வைத்தால், சில ஆண்டுகளுக்குப் பின் அதே வண்டியைத் தொடுபவருக்கு எவ்வளவு மிச்சமுள்ளது என்ற கணக்கு கையில் இருக்கும்.