பிபா சௌத்ரி: நல்ல தகடு கிடைத்திருந்தால்...

1950இல் இயற்பியல் நோபல் பரிசு பிரிட்டனின் செசில் பவலுக்குப் போனது. ஒளிப்படத் தகடுகளில் அணுத்துகள்களின் தடம் காணும் முறையை வளர்த்ததற்கும், அதைக் கொண்டு, எலக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் இடைப்பட்ட நிறையுள்ள மீசான் துகள்களைப் பற்றிக் கண்டறிந்தவற்றுக்கும் அந்தப் பரிசு. அதே வழியில் மீசானின் நிறையைச் சில ஆண்டுகள் முன்பே அளந்து பார்த்தவர் கொல்கத்தாவின் பிபா சௌத்ரி.

1913இல் பிறந்த பிபா, 1936இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தார். அந்த வகுப்பில் அவர் ஒருவரே பெண். பிறகு போஸ் ஆய்வு நிலையத்தில் தேவேந்திர மோகன் போஸுடன் காஸ்மிக் கதிர் ஆய்வில் இறங்கினார்.

விண்ணிலிருந்து பாயும் இந்தக் கதிர்கள் காற்றில் மோதிப் புதிய துகள்களைப் பிறப்பிக்கின்றன. அவற்றுள் பல தரைக்கு வருமுன்பே அழிந்துவிடும். அதனால் தகடுகள் மலையேறின. டார்ஜிலிங்கிலும், சுமார் 3,600 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூவிலும் மாதக்கணக்கில் வைக்கப்பட்டன.

வெள்ளி உப்பு பூசிய தகட்டை மின்னூட்டமுள்ள துகள் ஊடுருவினால், கழுவியபின் கருமணிகள் வரிசையாகத் தெரியும். துகளின் வேகம் குறையக் குறைய மணிகள் நெருங்கும். லேசான துகள் வழியில் அதிகம் கோணும்; கனமானது ஏறத்தாழ நேராகப் போகும். நுண்ணோக்கியின் கீழ் மணிகளின் இடைவெளியையும் தடத்தின் கோணலையும் அளந்தால் நிறையைக் கணக்கிட்டுவிடலாம். இப்படி அளந்ததில் மீசானுக்கு எலக்ட்ரானைப் போல் சுமார் 200 மடங்கு நிறை கிடைத்தது. முடிவுகள் 1940 முதல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தன.

தடங்கலாக வந்தது உலகப்போர். கையில் இருந்தவை ‘ஹாஃப்-டோன்’ தகடுகள். துல்லியமாக அளக்கத் தேவைப்பட்ட ‘ஃபுல்-டோன்’ தகடுகள் போர்க்காலத்தில் கிடைக்கவில்லை. ஆய்வு அங்கேயே நின்றது. போருக்குப்பின் புதுவகைத் தகடுகள் பவலின் குழுவுக்குக் கிடைத்தன; 1947இல் பையான் என்ற மீசான், அதைவிட லேசான மியூவான் என்ற துகளாகச் சிதைவதை அவர்கள் தெளிவாகக் காட்டினார்கள்.

பிபாவின் நோபல் பறிபோனது என்று சொல்வது மிகை. பையானையும் மியூவானையும் பிரித்துக் காட்டியது பவல் குழுதான். ஆனால் மீசான் தடத்தையும் புரோட்டான் தடத்தையும் தகட்டில் வேறுபடுத்த முடியும் என்று போஸும் பிபாவும் 1941லேயே சுட்டிக்காட்டியதைப் பவலே பின்னாளில் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பெருமையை நம் நாடுதான் பேசத் தவறியது.

பிபா பிறகு மான்செஸ்டரில் இயற்பியலாளர் பேட்ரிக் பிளாக்கெட்டின் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்கு உழைத்தார். 1949இல் பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். பின்னர் கோலார் தங்கவயல் சுரங்கத்தில் நடந்த துகள் சோதனைகளிலும் பங்கேற்றார். 1991இல் காலமானார். நாட்டின் பெரிய அறிவியல் கழகங்கள் எதுவும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. 2019இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் ஒரு விண்மீனுக்கு ‘பிபா’ என்று பெயர் சூட்டியது.

மீசானைப் பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் பவலின் பெயரைச் சொல்லும்போது பிபா சௌத்ரியின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.