கப்பலூர்க் கிடங்கும் காவற் கேமராவும்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்தை அடுத்த வீரவசந்தராயர் மண்டபத்தில் 2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு தீப்பற்றிய பிறகு, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இட்ட உத்தரவின் பேரில், கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுசெல்வது அவ்வாண்டு மார்ச் மாதம் முதல் தடுக்கப்பட்டது. தரிசனத்துக்கு வருகிறவர்கள் வாசலிலேயே கைப்பேசியை ஒப்படைத்து, டோக்கன் பெற்றுக்கொண்டு உள்ளே செல்கிறார்கள். பிறர் பொருளைக் காத்துத் திருப்பித் தருகிற இந்தக் காரியத்தில் ஒரு சௌகரியம் உண்டு. பொருள் தவறிப்போனால், சில மணி நேரத்துக்குள் அது தெரிந்துவிடும். கீழமாசி வீதியின் மொத்த வியாபாரி ஒருவர் கப்பலூர்ப் பக்கம் வாடகைக்கு எடுத்த கிடங்கில் அடுக்கிவைக்கிற மிளகாய் வற்றல் மூட்டைகளுக்கோ, உத்தியோகத்தின் பொருட்டுச் சிங்கப்பூருக்குச் சென்ற குடும்பத்தார் வாடகை அறையில் பூட்டிவைத்த தட்டுமுட்டுச் சாமான்களுக்கோ அந்தச் சௌகரியம் கிடையாது. விலை ஏறட்டும் என்று காத்திருந்து ஒரு நாள் சரக்கை எடுக்கப்போகும்போதுதான் அடுக்கின் பின்வரிசையில் பத்து மூட்டை குறைவது புலப்படுகிறது. களவு நேர்ந்த நாளுக்கும் அது தெரிகிற நாளுக்கும் நடுவே ஒரு போகமே கழிந்துவிடுகிறது.

ஆகவே கிடங்குக்குக் கேமரா வாங்கப் போகிறவர், எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை நாள் பதிவு நிற்கும் என்று கேட்பதே முறை. கணக்கு எளியதுதான். விநாடிக்கு 4 மெகாபிட் வீதம் படம் அனுப்புகிற ஒரு கேமரா, ஒரு நாளில் ஹார்ட் டிஸ்க்கில் ஏறத்தாழ 43 ஜிகாபைட் இடத்தை நிரப்புகிறது. அத்தகைய கேமராக்கள் எட்டு இருந்தால், முப்பது நாள் பதிவுக்குப் பத்து டெராபைட்டுக்கு மேல் வேண்டும். விற்பவர் இரண்டு டெராபைட் டிஸ்க்கைப் பொருத்திவிட்டுப் போனால், ஆறாம் நாளே புதிய படம் பழைய படத்தின்மேல் எழுதத் தொடங்கிவிடும். அப்படி அழிக்கும்போது எந்த எச்சரிக்கையும் ஒலிப்பதில்லை.

டிஸ்க் பெரிதாயிருந்தால் மட்டும் போதும் என்பதும் இல்லை. 2020 ஜூன் மாதம் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட ஒரு தந்தையும் மகனும் அடுத்தடுத்து உயிரிழந்த கொடுமையை, மதுரைக் கிளை தானாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. விசாரணைக்குச் சென்ற கோவில்பட்டி நீதித்துறை நடுவர், அந்நிலையத்துக் கேமராக்களுக்கு ஒரு டெராபைட் இடம் இருந்தும், பதிவு ஒவ்வொரு நாளும் தானே அழிந்துபோகும்படி சாதனம் அமைக்கப்பட்டிருந்ததையும், அவ்விருவரும் அங்கே இருந்த இரவின் காட்சிகள் கிடைக்காமற்போனதையும் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தார். அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம், நாட்டின் காவல் நிலையங்கள் அனைத்திலும் இருளிலும் காணவல்ல கேமராக்களை ஒலிப்பதிவோடு பொருத்தி, பதினெட்டு மாதம் பதிவைக் காக்க வேண்டும் என்றும், அதற்கான சாதனம் சந்தையில் கிடைக்காவிட்டால் ஓராண்டுக்குக் குறையலாகாது என்றும் உத்தரவிட்டது. கேமரா இருந்தது, இடம் இருந்தது, படம் மட்டும் இல்லை என்ற நிலை எத்தகைய அநீதிக்கு வழிவிடும் என்பதை நம் பிரதேசத்து மக்கள் நன்கு அறிவார்கள். கிடங்குக்காரர் அதை மனத்தில் கொண்டு, நிறுவிய அன்றே பதிவின் அமைப்பைத் தம் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

ஓராண்டுப் பதிவு எளிய முதலீட்டுக்கு எட்டாதது என்று தோன்றலாம். அப்படியன்று. இன்றைய கேமராக்கள் கையாளுகிற சுருக்கும் முறை, முதலிருப்பை ஒரு தடவை எழுதிவிட்டு அதன்பின் வரவு செலவை மட்டும் குறித்துவருகிற கணக்குப்பிள்ளையின் முறையை ஒத்தது. ஒரு படத்தை முழுமையாகப் பதிந்துகொண்டு, பின்வரும் படங்களில் மாறிய பகுதிகளை மட்டும் சேர்த்துக்கொண்டே போகிறது. மூட்டைகள் அசையாத கிடங்கிலோ மாறுவது சொற்பம். ஆளோ வண்டியோ அசையும்போது மட்டும் பதியும்படி வாசற் கேமராவை அமைத்து, விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் பதிவாகிறது என்று வைத்துக்கொண்டால், 365 நாளுக்கும் சேர்த்து 660 ஜிகாபைட்டைத் தாண்டாது. அதாவது ஒரு டெராபைட் டிஸ்க்கில் ஒரு வாசலின் ஓராண்டு வரலாறு அடங்கிவிடும். உள்ளே இருக்கிற சந்துகளின் படம் ஒரு மாதத்தில் அழிந்தாலும், எவரும் கடந்தே தீரவேண்டிய வாசலின் படம் ஓராண்டு நிற்க வேண்டும். எல்லாக் கேமராவுக்கும் ஒரே தவணை வைப்பதுதான் பணத்தையும் சாட்சியத்தையும் ஒருங்கே வீணாக்குகிறது.

வாசலில் பதிகிற படம் முகத்தைக் காட்ட வேண்டும். காவற் கேமராக்களுக்கான சர்வதேசத் தரநிர்ணயத்தின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு, அறியாத ஒருவரை அடையாளம் காண, காட்சியின் அகலத்தில் மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்கிறது. முன்பே தெரிந்தவரை இன்னார் என்று சொல்ல 125 போதும். யாரோ ஒருவர் நடமாடுகிறார் என்று மட்டும் அறிய 25 போதும். இரண்டு மெகாபிக்சல் கேமராவின் படம் அகலவாட்டில் 1920 பிக்சல் கொண்டது. அதை 250ஆல் வகுத்தால் ஏழரை மீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. ஐம்பது மீட்டர் அகலமுள்ள முற்றம் முழுவதையும் ஒரே கேமராவில் அடக்கி மகிழ்கிறவர், உண்மையில் மீட்டருக்கு 40 பிக்சல்கூட இல்லாத ஒரு நிழலைத்தான் பதிந்துகொண்டிருக்கிறார். நான்கு மில்லிமீட்டர் லென்ஸ் முகத்தை ஐந்தரை மீட்டர் தூரம் வரையில் தெளிவாகக் காட்டும்; பன்னிரண்டு மில்லிமீட்டர் லென்ஸ் ஏறத்தாழ பதினாறரை மீட்டருக்கு எட்டும், ஆனால் அது காணும் காட்சி குறுகியது. உயரத்தில் வைத்தால் பத்திரம் என்று எண்ணிக் கம்பத்தின் உச்சியில் மாட்டினால் உச்சந்தலையும் தொப்பியும்தான் கிடைக்கும். வாசற் கேமரா இரண்டரை மீட்டர் உயரத்துக்கு மேற்போகாமல் இருப்பது நலம்.

வெளிச்சத்தின் விஷயம் இதைவிடச் சூட்சுமமானது. நண்பகலில் கிடங்கின் ஷட்டரைத் தூக்கினால், வெளியே லட்சம் லக்ஸ் வெயில், உள்ளே நூறு லக்ஸ் மங்கல்; ஆயிரத்துக்கு ஒன்று என்ற இந்த விகிதத்தைச் சாதாரணக் கேமரா தாங்காது, வாசலில் நிற்பவர் கரிய உருவமாகிவிடுவார். குறுகிய நேரப் படத்தையும் நீண்ட நேரப் படத்தையும் அடுத்தடுத்து எடுத்து இணைக்கும் வல்லமையுள்ள கேமராவே அங்கே ஏற்றது. இரவிலோ, 850 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கிரணங்களைக் கேமராவே வீசுகிறது. மனிதக் கண்ணுக்குப் பெரும்பாலும் புலப்படாத அவற்றைச் சிலிக்கன் உணரும். தூரம் இருமடங்கானால் பொருளின்மேல் விழும் ஒளி கால்பங்காகக் குறையும் என்பதால், பெட்டியின்மேல் அச்சிட்ட தூரத்தில் அசைவு தெரியலாம், முகம் தெரியும் என்று நம்பக்கூடாது. இரவில் கேமராவின் பக்கம் பூச்சிகள் வர, பூச்சிகளை நாடிச் சிலந்தி வந்து லென்ஸின் முன்னே வலை பின்ன, காற்றில் அசையும் அந்த இழை இரவெல்லாம் அசைவுப் பதிவைத் தூண்டி டிஸ்க்கை நிரப்பிவிடுகிறது. ஒளிவிளக்கைக் கேமராவிலிருந்து சற்றுத் தள்ளி வைப்பதும், வாரந்தோறும் ஒட்டடை அடிப்பதும் இதற்குப் பரிகாரம்.

மதுரையின் கோடையும் இக்கணக்கில் சேர்கிறது. ஒளியே படாதபோதும் சிலிக்கனில் தோன்றும் மின்னோட்டம், வெப்பம் ஏறத்தாழ 6 முதல் 8 டிகிரி உயருந்தோறும் இருமடங்காகிறது. அக்கினி நட்சத்திர நாளில் தகரக் கூரையின்கீழ் காய்ந்த கேமராவின் இரவுப் படத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் துள்ளுவது அதனால்தான். அவற்றையும் மாற்றம் என்றே சுருக்கும் முறை எண்ணுவதால், படம் கெடுவதோடு பதிவும் பருத்துவிடுகிறது. நிழலில் மாட்டுவது, செலவில்லாத உபாயம். ஆடிக்காற்றின் புழுதிக்கு ஐபி 66 தரத்துப் பெட்டி வேண்டும். ஐப்பசி இடிமின்னலுக்கு, மின்னெழுச்சித் தடுப்பும் நல்ல நிலத்தொடர்பும் இன்றியமையாதவை.

நகரத்துப் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிற ஒரு செய்தி, திருடர்கள் போகும்போது ஹார்ட் டிஸ்க்கையும் கழற்றிக்கொண்டு போனார்கள் என்பது. பதிவுப் பெட்டி அலுவலக மேசையின்மேல் இருந்தால் வேறென்ன நேரும்? அதைத் தனியறையில் பூட்டி, வாசற் கேமராவின் பிரதியொன்று வேறிடத்துக்கும் செல்லும்படி செய்வது அவசியம். தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றுவதும் அவ்வளவே அவசியம். 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் வசப்படுத்திக்கொண்டது, மாற்றப்படாத அந்தச் சொற்களின் வழியாகவே.

படம் நீதிமன்றத்தில் நிற்க இன்னொன்றும் வேண்டும். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழைக் கேட்கிறது. சாதனத்தின் பொறுப்பாளரும் ஒரு நிபுணரும் கையொப்பமிட வேண்டிய அதில், பதிவின் ஹேஷ் மதிப்பு என்ற எண்கோவையும் குறிக்கப்பட வேண்டும்; பதிவில் ஒரு பிட் மாறினாலும் அக்கோவை முற்றிலும் வேறாகிவிடும் என்பதால், அதைக் குறித்த பிறகு படம் திருத்தப்படவில்லை என்பதற்கு அதுவே நிரூபணம். பெட்டியின் கடிகாரம் இணையத்தின் வழியே தானே திருந்திக்கொள்ளும்படி அமைக்கப்படாவிட்டால், இவ்வளவு முயன்று காத்த படமும் தவறான நேரத்தைச் சொல்லி எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கே உதவும். பொறுப்பாளர் யார், வாசற்பதிவு எத்தனை நாள் காக்கப்படும், வாடகைதாரர் கேட்டால் எத்தனை நாளுக்குள் பிரதி தரப்படும் என்ற மூன்றையும் கிடங்கு வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளும்படி, கிடங்கு வைத்திருப்பவர்களையும் அதில் பொருள் வைப்பவர்களையும் வேண்டிக்கொள்கிறேன்.